விரிப்பின் மறுமுனை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி இப்போது தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

எங்கள் ஹோட்டலின் சலவைப் பகுதியை மூடப்போகிறார்களாம். நாங்களாகவே விலகுவதாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை; கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். பயப்படாதே, நடந்தது சிரிப்புக் கதைதான்.

படுக்கை விரிப்பை இருவர் எதிரெதிரே நின்று மடிப்போம். என்னோடு மடிக்கும் அக்கா நேற்றே கிளம்பிவிட்டார். இன்று பழக்கதோஷத்தில் விரிப்பை அந்தப் பக்கம் வீசினேன். பிடிக்க ஆளில்லாமல் தரையில் விழுந்தது. மேனேஜர் பார்த்துவிட்டார்.

“கடவுள் பாத்துப்பாருன்னு சொன்னியே, அவரையே வந்து பிடிக்கச் சொல்லு.”

“சொல்லியிருக்கேன் சார். அவர் வர்ற வரைக்கும் நீங்க பிடிங்க.”

பிடித்தார் அம்மா! கோணல்மாணலாக மடித்தார். பிறகு, “சரி, கையெழுத்து?” என்றார்.

“அது மட்டும் கிடையாது சார்.”

அடுத்த மாதம் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும். துரத்துகிறவர்கள் துரத்தட்டும். நானாகப் போக மாட்டேன்.

உன் பழைய சேலை ஒன்றை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு. இங்கே எல்லாத் துணியிலும் ஒரே சோப்பு வாசனை.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. ஒன்றே ஒன்று. மகள் திரும்பி வந்துவிட வேண்டும் என்று நீ தினமும் வேண்டிக்கொள்வது எனக்குத் தெரியும். அதை நிறுத்து. நான் இங்கேயே நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு போனால் அவர் எதைத்தான் பார்ப்பார்?

உன் மகள்