ஏழாம் பாகம் எழுதிய கை

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம். தில்லிக் குளிர்தான் இன்னும் பழகவில்லை.

என் வீட்டுக்காரர் எழுதிய மாயத்தீவுக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக்கும் ஜோதிலிங்கம் கரோல் பாக்கில் பிறந்தவன்; தமிழ் படிக்க வராது. ஏழு பாகங்களையும் நானே வாசித்துக் காட்டினேன். நேற்று, "தொடருக்குப் பதிமூணு வாரம்தான் மாதாஜி, ஏழாவது பாகம் மட்டும் போதும். சார் கடைசியிலதான் பஹுத் அச்சா எழுதியிருக்கார்!" என்றான்.

அவர் படுக்கையில் விழுந்தபின் அதை எழுதியவள் நான் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். புத்தகத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். பீரோவிலுள்ள ஏழாம் பாகக் கையெழுத்துப் பிரதியையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அடித்தல் திருத்தலெல்லாம் யார் கை என்று அறியத் தமிழ் தெரிய வேண்டியதில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் தங்கை,
அம்சவேணி