நெற்றியில் ஒரு மவுஸ்

3 ஜூன் 2024, திங்கள்

கரண்ட் பத்து மணிக்குத்தான் வந்தது. அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தௌபிக் டைப் செய்யக் கொடுத்த வினாத்தாளில் நான்கு கேள்விகள்தான் முடிந்தன.

பாலக்கோட்டில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திய காலத்தில், குனிந்து கீபோர்டைப் பார்க்கும் பிள்ளைகளின் கையை ஸ்கேலால் தட்டுவேன். பத்து விரலும் தானாக ஓட வேண்டும் என்பேன். இப்போது என் பத்து விரலும் அத்தை எடுத்து வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கின்றன. கழுத்துக்கு மேலேதான் நான்.

தலையை அசைத்தால் திரையில் அம்பு அசையும். என் நெற்றியில் இருக்கும் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை லேப்டாப் கேமரா பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும். திரையில் விரித்திருக்கும் கீபோர்டில், ஓர் எழுத்தின் மேல் ஒரு நொடி அசையாமல் நின்றால் அதுவே அழுத்திக்கொள்ளும். தௌபிக் அமைத்துக் கொடுத்தது. என் பழைய மாணவன். மாரண்டஹள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். முதலில் குரலில் முயன்றோம். தொண்டையில் துளை போட்டதிலிருந்து எனக்கு வெறும் காற்றுதான் வருகிறது, மைக்குக்கு எட்டவில்லை. மூக்கு நுனியைப் பிடிக்க வைத்தோம், அம்பு நழுவி ஓடியது. பொட்டுக்குத்தான் படிந்தது.

நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடித்தவள். இதை எழுத முழு மதியமும் போய்விட்டது.

11 ஜூன், செவ்வாய்

தக்காளி லோடு ஏற்றப் போகுமுன் மதிதான் பொட்டு வைப்பார். (நேரில் 'என்னங்க'. இங்கே மதி. யார் கேட்பது?) பழையதை உரித்துத் திரையின் ஓரத்தில் ஒட்டுவார், புதியதை என் நெற்றியில் அழுத்துவார். "மவுசு வெச்சாச்சு டீச்சரம்மா, வேலய பாரு" என்பார். ஓரம் முழுக்க வரிசையாகப் பொட்டு. லேப்டாப்புக்கு அம்மை போட்டதுபோல் இருக்கிறது.

20 ஜூன், வியாழன்

அத்தைக்கு, மதியின் அம்மாவுக்கு, காது மந்தம். எனக்குக் குரல் இல்லை. நல்ல பொருத்தம்.

அதனால் வேண்டியதை எழுதிவிட்டு ஒரு பொத்தானில் நிற்பேன். லேப்டாப் சத்தமாகப் படிக்கும், செய்தி வாசிப்பதுபோல: 'அத்தை, முதுகு எரிகிறது, திருப்பிப் படுக்க வையுங்கள்.' அத்தை வருவார், திருப்புவார், முனகுவார். "பொட்டிக்காரி கூப்புட்டுட்டா" என்று பக்கத்து வீட்டில் சொன்னது இன்று காதில் விழுந்தது. என் காது நன்றாகத்தான் இருக்கிறது.

என்னை அவருக்குப் பிடிக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட்டு, எல்லாம் கழுவி எடுப்பவருக்கு என்னைப் பிடிக்கவும் வேண்டுமா? அது கொஞ்சம் அதிகம்.

9 ஜூலை, செவ்வாய்

இரண்டு வருடம் ஆகிவிட்டது. தீர்த்தமலைக்குப் போகும் வழியில் என் முந்தானை பைக் சக்கரத்தில் சிக்கிய நாள். ஓட்டியவர் மதி.

இன்று சாப்பிடவில்லை. "நாந்தான் திரும்பிப் பாத்திருக்கணும்" என்கிறார். ஆமாம், பார்த்திருக்கணும்! நானும்தான் முந்தானையைச் செருகியிருக்கணும். ரெண்டு பேரும் எத்தனை தடவைதான் அதையே சொல்லிக்கிட்டு... போதும்.

சாயங்காலம் அவராகவே வந்து இன்னொரு பொட்டு வைத்தார். காலையில் வைத்தது அப்படியேதான் இருந்தது.

22 ஆகஸ்ட், வியாழன்

கல்யாணப் பத்திரிகை ஒன்று முடித்தேன். ஒரு பிழை இல்லை. சொல்லி வைக்கிறேன்.

5 செப்டம்பர், வியாழன்

மதி செத்துப்போய்விட்டார். முந்தாநாள், ராயக்கோட்டை ரோட்டில், லோடு வண்டி கவிழ்ந்து.

என் நெற்றியில் பெரிய குங்குமம் அப்பியிருக்கிறார்கள். தலை நிறையப் பூ. பதினாறாம் நாள் கருமாதியில் எடுப்பார்களாம்.

17 செப்டம்பர், செவ்வாய்

நாளை.

தௌபிக் வந்து லேப்டாப்பைத் திறந்து கொடுத்தான். அறை முழுக்கப் பெண்கள். எழுதி, படிக்கவிட்டேன்: 'தாலியை எடுத்துக்கொள்ளுங்கள். பூவை எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அது என் கை.'

நாத்தனார் கலைமணிதான் முதலில் பேசினாள். "அண்ணன் போயி பதினாறு நாளு ஆவறதுக்குள்ள ஊரு வாயில விழணுமா அண்ணி? விபூதி வெச்சிக்குங்க." விபூதி வைத்தும் பார்த்தோம். என் வியர்வையில் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. கன்னத்தில் பொட்டு வைக்கலாமா என்று தௌபிக் கேட்டான். வாய் அசையும்போது கன்னமும் அசைகிறது, அம்பு குதிக்கிறது. அதற்குள் கலைமணி, கன்னத்தில் வைத்தால் திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கும், சிரிப்பார்கள் என்றாள். யார் சிரிப்பது? இங்கே யாருக்கு என்மேல் திருஷ்டி?

அத்தையைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக வெறும் நெற்றி. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுபடி எழுதுவேனா தெரியவில்லை. மதி, நீங்க இருந்தா

16 அக்டோபர், புதன்

இதை மூன்று நாளாக எழுதுகிறேன்.

கருமாதி அன்று பொட்டை எடுத்தார்கள். வீட்டிலிருந்த ஸ்டிக்கர் அட்டைகளையெல்லாம் கலைமணி வாரி எறிந்தாள். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி பீரோ மேல் வைத்தார்கள். அதன்பிறகு நான் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. காதை வாயருகே கொண்டுவந்தால் கேட்கும். துக்க வீட்டில் யாருக்கு அந்தப் பொறுமை?

செப்டம்பர் 30, மதியம். யூரின் டியூப் எங்கோ மடங்கிக்கொண்டது. எனக்கு வயிற்றில் வலி தெரியாது. பதிலாகத் தலை வெடிக்கும், முகம் வியர்த்துக் கொட்டும், கண்ணில் நீர் வழியும். அப்போதே பார்க்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மதிக்குத் தெரியும். அத்தைக்கும் சொல்லியிருந்தார்கள், ஆனால் கூப்பிடுவது பெட்டியின் வேலை.

"டியூப்" என்றேன். டியூப், டியூப், டியூப். அத்தை வந்தார். என் முகத்தைப் பார்த்தார். வாய் அசைகிறது, கண்ணீர் ஓடுகிறது. கட்டிலில் உட்கார்ந்து என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். என் மவனே, என் மவனே என்று. நான் டியூப் என்றேன். அவர் இன்னும் சத்தமாக அழுதார். இரண்டு மணி நேரம். அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. செத்துவிடுவேன் என்று தெரிந்தது. பயந்தேன். அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

பழைய வேலை ஒன்றைக் கேட்டு தௌபிக் வந்தான். என்னைப் பார்த்ததும் குனிந்து காதை வைத்தான். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். அத்தை சுவரோரம் நின்றார். "எம்மவனுக்காவ அழுவுறான்னு நெனச்சேங்க. நானும் கூட ஒக்காந்து அழுதேங்க" என்றார்.

வந்த மறுநாள் காலை அவரே பீரோ மேலிருந்து லேப்டாப்பை இறக்கினார். பொட்டு தேடினார். இல்லை. திரையின் ஓரத்தில் மதி ஒட்டி வைத்திருந்த பழையவற்றின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். நகத்தால் ஒன்றை உரித்தார். பசை போய்விட்டிருந்தது. தட்டிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கித் தடவி, என் நெற்றியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

கலைமணி வாசலில் நின்றுகொண்டு, ஊரில் என்ன பேசுவார்கள் என்றாள்.

"ஊருக்காரன் வந்து டியூப்பு பாப்பானா?" என்றார் அத்தை. கலைமணி அன்று காபி குடிக்காமல் போய்விட்டாள். அதன்பிறகு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியும் முன்போல் வந்து உட்கார்வதில்லை.

நான் முதலில் எழுதியது: 'அத்தை, தலையணையைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.' பெட்டி படித்தது. அடுப்படியில் இருந்தவர் ஓடி வந்தார்.

முந்தாநாள் தௌபிக் புது ஸ்டிக்கர் அட்டை ஒன்று வாங்கி வந்தான். அத்தை அதை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, இன்று காலையும் சோற்றுப் பருக்கையோடுதான் வந்தார். ஏன் என்று எழுதிக் கேட்டேன்.

"மொதல்ல அவன் வெச்சது தீரட்டும்" என்றார்.

திரை ஓரத்தில் இன்னும் பதினேழு இருக்கின்றன.