அளக்க வந்தவரை அளந்த மாப்பிள்ளை

விருத்தாசலம்,
18.1.2003

அன்புத் தங்கை கனகாவுக்கு,

அண்ணன் தேவநாதன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி துர்கா, அவளுடைய சர்க்கரை வியாதி மூவரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை மாயவனும் சுகம்தானே? பொங்கல் வரிசையைக் கம்பெனி லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். கரும்பில் ஒன்றை அவன் வழியிலேயே கடித்திருப்பான், கணக்குப் பார்க்காதே. நேரில் வரத்தான் நினைத்தேன். சூளையில் லோடு ஏற்றியிருந்தார்கள். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிக்க இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை என்று கம்பெனி நினைக்கிறது. நானும் அந்த எண்ணத்தைக் கெடுப்பதில்லை.

ஒரு சந்தோஷமான செய்தி. கம்பெனிப் பொங்கல் விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்தால்தான் உன் அண்ணனுக்குக் கை நடுங்காதே! நம் மாப்பிள்ளை கதையை எடுத்துவிட்டேன். சுரங்கத்துக்கு நிலம் எடுக்க அளக்க வந்த சர்வேயரை, மாப்பிள்ளை கிணற்றுக் கயிற்றைக் கொண்டுவந்து உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் அளந்து, “இந்த நிலத்துல தண்ணியே இல்லியே, ஏக்கருக்கு என்னா ரேட்டு போடறது?” என்று கேட்டாரே, அதை. “பைத்தியம் மாதிரி நடித்தே ஆபீசரை ஓட வைத்த ஒரே விவசாயி என் தங்கை புருஷன்” என்று முடித்தேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேன்டீன்காரன் வடைச் சட்டியை மறந்துவிட்டான். கருகிய வடையை அன்றைக்கு யாரும் குறை சொல்லவில்லை.

அதன் பலன், மாசித் திருவிழாப் பட்டிமன்றத்தில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. தலைப்பைக் கேள்: பழைய இலக்கியங்களில் நம் மனத்தில் நிற்பது உண்மைப் பைத்தியமா, நடித்த பைத்தியமா? நடித்த பைத்தியத்துக்கு நான்தான் அணித் தலைவர். சில பேர் அதற்குப் பொருத்தமான ஆள் என்கிறார்கள். உன் அண்ணி, எதிரணிக்குத்தான் நான் பொருத்தம் என்கிறாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். சுரங்கத்தையே ஏமாற்றிய மனுஷன் என்று ஊரே பேசுகிறது என்றும் சொல்.

அன்பு அண்ணன்,
தேவநாதன்


கம்மாபுரம்,
25.1.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

கனகா எழுதிக்கொள்வது. வரிசை வந்தது. கரும்பு முழுசாகத்தான் இருந்தது. வரிசையை லாரி டிரைவர் கையால் வாங்கிய தங்கச்சி இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டுப் பெரியம்மாள், “உங்கண்ணன் ஆளு மாறிட்டாரு போலருக்குது, முன்னையெல்லாம் மீசை இல்லியே” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அண்ணிக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? இனிப்புப் பொங்கலை ஒளித்து வைத்தாயா?

இதைப் போனில் சொல்லலாம் என்றால் போன் பெரியம்மாள் வூட்டில் இருக்கிறது, அங்கே சுவருக்கும் காது. அதனால்தான் எழுதுகிறேன். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பொங்கலிலிருந்து சாப்பிடவில்லை. டிரைவர் வந்த அன்றைக்கே நீ மேடையில் பேசியதை டீக்கடையில் நடித்துக் காட்டியிருக்கிறான். அன்றிலிருந்து இவர் தெருவில் போனால், “ஆபீசரை ஓட வெச்ச ஆளு” என்று கூப்பிட்டு டீ வாங்கித் தருகிறார்கள். நான் மாத்திரையை எடுத்து நீட்டினால், “நான் நடிச்சேன்னு உங்கண்ணனே சொல்லிட்டாரு, நடிச்சவனுக்கு எதுக்கு மாத்திர?” என்கிறார்.

நடிப்பா இல்லையா என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பாண்டிச்சேரி டாக்டர், மாத்திரையை நாமாக நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் சொல்லிக் கேட்கவில்லை. நீ வந்து, நான்தான் கதை கட்டினேன், நிஜமாகவே உங்களுக்கு உடம்பு முடியாமல்தான் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் கேட்பார். பஸ்ஸு ஏறினால் ஒரு மணி நேரம்கூட இல்லை.

உன் தங்கை,
கனகா


விருத்தாசலம்,
31.1.2003

அன்புள்ள கனகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டீ வாங்கித் தருகிறார்கள் என்கிறாயே, எனக்கு இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் வாங்கித் தந்ததில்லை.

மாத்திரை விஷயத்துக்கு ஒரு யோசனை. பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்துவிடேன். உன் சமையலில் கூடுதலாக ஒரு கசப்பு தெரியாது. (கோபித்துக்கொள்ளாதே, தமாஷுக்குச் சொன்னேன். டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்.)

நான் அப்படிச் சொன்னதில் என்ன கெட்டுப்போயிற்று என்று நிதானமாக யோசித்துப் பார். பட்டிமன்றத்துக்காக நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய கதைகளில், நாடு பறிபோன ராஜா பைத்தியமாக நடிக்கிறான். எதிரிகள் ஏமாறுகிறார்கள், கடைசியில் கிரீடத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறான். பைத்தியமாக நடித்த மந்திரியும் அப்படியே, உயிர் தப்பி வந்து ஊருக்கு யோசனை சொல்கிறான். நிஜமாகவே புத்தி பேதலித்தவர்கள் என்ன ஆகிறார்கள்? தெருப் பையன்களிடம் கல்லடி படுகிறார்கள். ஆற்றில் விழுகிறார்கள். நாலு வரிக்கு மேல் அவர்களைப் பற்றிப் பேச்சில்லை. இந்த இரண்டில் உன் புருஷனுக்கு எதைக் கொடுக்கச் சொல்கிறாய்? நான் அவருக்குக் கிரீடம் வைத்திருக்கிறேன் கனகா.

லீவு கேட்டேன், சூளை ஆறவில்லை என்றார்கள். திருவிழா முடியட்டும், கட்டாயம் வருகிறேன். அண்ணி உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். டிரைவரிடம் கொடுத்தனுப்பவா?

அன்பு அண்ணன்,
தேவநாதன்


கம்மாபுரம்,
7.2.2003

அண்ணாவுக்கு,

முறுக்கு வேண்டாம்.

அவர் தூங்கி நாலைந்து நாள் ஆகிறது. கிணற்றுக் கயிற்றை மறுபடியும் எடுத்துவிட்டார். வாசல்படியை அளக்கிறார், மாட்டை அளக்கிறார், என்னை நிற்க வைத்து அளக்கிறார். நானும் நிற்கிறேன். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

கிரீடம் வைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். கதையில் நீ பாதியைத்தான் சொல்கிறாய் அண்ணா. சர்வேயரை அளந்ததோடு முடித்துவிடுகிறாய். மிச்சப் பாதி பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது.

அன்றைக்கு அவர் வேட்டியை வரப்பில் போட்டுவிட்டு, கயிறும் கையுமாக பஸ் ஸ்டாப்புக்குப் போனார். பஸ்ஸுக்கு நின்றவர்களை ஒவ்வொருவராக அளந்தார். நான் உனக்கு ஆள் அனுப்பியிருந்தேன். நீ வந்தாய். பஸ்ஸைவிட்டு இறங்கினாய், கூட்டத்தைப் பார்த்தாய், டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். நான் ஒரு சேலையை மடித்து எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமிருந்து ஓடி வந்துகொண்டிருந்தேன். ஒருத்தர் உன்னைப் பார்த்து, “உங்க மாப்பிள்ளைதானே அது?” என்று கேட்டார். நீ, “நடிக்கிறாருங்க, நிலத்துக்காக நடிக்கிறாரு” என்றாய். அது எனக்கும் கேட்டது. நானே அவர் இடுப்பில் சேலையைச் சுற்றி வூட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நீ வந்து, பஸ்ஸு லேட்டு என்றாய். நான் உனக்கு மோர் கொடுத்தேன்.

இத்தனை நாள் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும். நீ வெட்கப்படுவாயே என்றுதான். இப்போது அவருக்கு என்ன ஆகுமோ என்று இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு லெட்டர் போடாதே.

கனகா


விருத்தாசலம்,
15.2.2003

கனகா,

உன் கடிதத்தைக் கம்பெனியில் வைத்துத்தான் படித்தேன். அன்றைக்கு எந்தக் கட்டையைத் தட்டினாலும் விரிசல் சத்தமாகவே கேட்டது. நல்ல சரக்கையெல்லாம் தள்ளிவிட்டேன் என்று சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

நேற்றுப் பட்டிமன்றம் நடந்தது. எதிரணியில் பூர்ணிமா என்று ஒரு கல்லூரி டீச்சர். சின்னப் பெண். பேசும்போது ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. “நடித்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும். உண்மையில் பித்தானவருக்கு அது தெரியாது. நடித்தவனுக்குக் கைதட்டுகிறோம். மற்றவரைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறோம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டல் குறைவுதான். எனக்கு டீக்கடையின் பின்பக்கச் சுவர் கண் முன்னால் வந்து நின்றது. அதில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரம்கூட ஞாபகம் வந்தது. அன்றைக்கு எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், பார்.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிச்சப் பாதியைச் சொன்னேன். என் மாப்பிள்ளை நடிக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை, அன்றைக்கு அவரை என் மாப்பிள்ளை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு டீக்கடைக்குப் பின்னால் நான் ஒளிந்து நின்றேன் என்று.

சிரித்தார்கள் கனகா. ஒளிந்து நின்றேன் என்ற இடத்தில்தான் ரொம்பச் சிரித்தார்கள். “நம்புங்கள், இது நடிப்பில்லை” என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு. என் குரல் உடைந்தது. நடுவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழுகிற மாதிரி என்னமாய் நடிக்கிறார் என்று என்னைக் காட்டி, எங்கள் அணிக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சால்வை போட்டார்கள். போர்த்திக்கொண்டு நின்றேன், கழற்றவும் தைரியமில்லை. பெண்கள் வரிசையில் உன் அண்ணி மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வருகிற வழியில், “நாளைக்கே கனகா வூட்டுக்குப் போயிட்டு வாங்க” என்றாள்.

ஊருக்கு உண்மையைச் சொல்கிற யோக்கியதையும் என் வாய்க்கு இல்லாமல் போய்விட்டது. மாப்பிள்ளையிடம் சொல்கிறேன். திருவிழாக் கூட்டத்தில் இன்றைக்கும் நாளைக்கும் பஸ்ஸுக்குள் நுழைய முடியாது. இது சாக்கு இல்லை. சாக்காகவும் இருக்கலாம். வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், முதல் பஸ்ஸில் வருகிறேன். அவர் முகத்தைப் பார்த்து எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

தேவநாதன்


கம்மாபுரம்,
22.2.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

கனகா எழுதுவது. நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். குடையை இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாய். இந்த வெயிலில் குடையோடு வந்ததே எதற்கு என்று இப்போதுதான் யோசிக்கிறேன். யாரும் பார்க்கக் கூடாது என்றா?

லெட்டர் போடாதே என்று சொன்னவளே இப்போது எழுதுகிறேன். நீ கேட்காமல் போன ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான்.

வியாழக்கிழமை நீ கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாய். அவர் எழுந்து, உன்னை நிற்கச் சொல்லிக் கயிற்றை வைத்து அளந்தார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். “நிமிந்து நில்லுங்க மச்சான், அளவு தப்பா வருது” என்றார். நீ கை கழுவுகிறேன் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாய். தொட்டியில் தண்ணீர் இல்லை. எனக்குத் தெரியும்.

நீ அங்கே நின்றபோது அவர் என்னிடம் சொன்னார். “எனக்கு அப்பவே தெரியும் கனகா. டீக்கடையாண்ட மச்சான் நின்னதை நான் பாத்தேன். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு. அப்புறம் நான் நடிச்சேன்னு மேடையில சொன்னாராமே. சரி, அதுலயாவது மச்சான் தலை நிமிந்து நிக்கட்டும்னு நானும் ஆமான்னு சொல்லிட்டேன். மாத்திர வாங்கக் கடைக்குப் போனா நாலு பேரு பாப்பாங்க. அவரு சொன்னது பொய்யாயிடும்ல?”

மாத்திரையை நிறுத்தியது உனக்காகத்தான் அண்ணா. உன் கதையைக் காப்பாற்றுவதற்காக, நான் நடித்தேன் என்று அவர் நடித்திருக்கிறார். இதை உன் பட்டிமன்றத்தில் எந்த அணியில் சேர்ப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மாத்திரையை அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தூக்கம் இன்னும் சரியாக வரவில்லை. புதன்கிழமை பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். விருத்தாசலத்தில்தான் பஸ்ஸு மாற வேண்டும். காலையில் நாங்கள் வந்து இறங்குகிற நேரத்துக்குத்தான் உன் கம்பெனி ஆட்களெல்லாம் ஸ்டாண்டில் நிற்பார்கள். உன் பட்டிமன்றத்தைக் கேட்டவர்களும் இருப்பார்கள். அவர் கையில் கயிறு இருக்கும். விட்டுவிட்டு வா என்றால் கேட்க மாட்டார். யாரையாவது அளக்கக்கூடச் செய்வார்.

நீ எங்களோடு பாண்டிச்சேரிக்கு வர வேண்டும். பஸ்ஸில் அவர் பக்கத்தில் நீ உட்கார வேண்டும் என்று அவரே சொன்னார், ஜன்னல் சீட்டை உனக்கு விட்டுத்தருவாராம். அண்ணியிடம் சொல்லி எலுமிச்சம்பழ சாதம் கட்டி எடுத்து வா. உன் மாப்பிள்ளையா என்று யாராவது கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல், கதை வேண்டாம்.

பாண்டிச்சேரி பஸ்ஸு நிற்கிற இடத்திலேயே நில். குடையை நான் கொண்டுவருகிறேன், அன்றைக்கு உனக்கு அது வேண்டியிருக்காது.

இதற்குப் பதில் எழுதாதே.

உன் தங்கை,
கனகா