காற்றுக்கு வாடகை

மார்ச் 3, செவ்வாய்

மூன்று மழலையர் பள்ளிகளும் ஒரே நாளில் சரி சொல்லிவிட்டன. 240 குட்டி நாற்காலிகள்! ஜூன் முதல் தேதி வகுப்பறையில் இருக்க வேண்டும். தனியாக நாற்காலி, மேசைக் கடை போட்ட இரண்டு வருடத்தில் இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. உள்ளூர் மொத்த வியாபாரி சொல்லும் விலைக்கு வாங்கினால் எனக்கு மிஞ்சுவது வியர்வைதான். கடல் தாண்டிய தொழிற்சாலை பாதி விலை சொல்கிறது. ஆனால் எப்படிக் கொண்டுவருவது? விமானத்தில் வரவழைக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேருந்து ஓட்டுகிற மனிதர். "நாமளே இன்னும் விமானம் ஏறல. நாற்காலி ஏறப்போகுதாக்கும்!" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

சரக்கு ஏஜென்டின் அலுவலகம் போனேன். என்னைவிட இளையவள், கொண்டையில் பேனா செருகியிருந்தாள். நாற்காலியின் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "அக்கா, கப்பல்ல இந்த மாதிரி சரக்குக்கு எடை பாக்க மாட்டாங்க, எடம் பாப்பாங்க. இந்த நாலு காலுக்கு நடுவுல என்ன இருக்கு? காத்து. அந்தக் காத்துக்கு நீங்க வாடகை கட்டப்போறீங்க."

காலைக் கழற்றி அட்டைப்பெட்டியில் படுக்கவைத்தால் பதினெட்டு கன மீட்டர் ஏழாகிவிடுமாம். இன்னொன்றும் சொன்னாள்: "கப்பல் வாடகை கம்மின்னு சொல்லி இழுப்பாங்க, அப்புறம் இந்தப் பக்கத் துறைமுகத்துல கறந்துடுவாங்க. கடை வாசல் வரைக்கும் மொத்தம் எவ்வளவுன்னு எழுத்துல வாங்கிக்குங்க."

காற்றுக்கு வாடகை! வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

கழற்றி அனுப்ப முடியுமா என்று தொழிற்சாலைக்கு எழுதியிருந்தேன். கணினி மொழிபெயர்த்த பதில் வந்தது: "உங்கள் கால்களைக் கழற்றுவதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி." வீட்டுக்காரர் இரவுச் சாப்பாடு முடியும்வரை என் காலையே பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

மார்ச் 12, வியாழன்

ஒரு சிக்கல். என் ஏழு கன மீட்டர் ஒரு கன்டெய்னரை நிரப்பாது. முன்பின் தெரியாதவர்களின் சரக்கோடு சேர்த்து அனுப்பினால் துறைமுகச் செலவு தனித்தனியாக விழும். ஏஜென்ட் சொன்னாள்: "அதே ஊர்லருந்து இன்னும் பத்துப் பன்னெண்டு கன மீட்டர் யாராவது சேத்தா, சின்ன கன்டெய்னர் ஒண்ணையே எடுத்துடலாம். ஆளுக்குப் பாதி. அதுதான் மலிவு. யாரையாவது தெரியுமா?"

தெரியும். எதிர்க்கடை. விளக்குக் கடை. அந்த ஊர் விளக்குகளைத்தான் இடைத்தரகரிடம் வாங்கி விற்கிறார். என் அண்ணன். அப்பாவின் கடையைப் பிரித்தபோது பெயர்ப்பலகை யாருக்கு என்று தொடங்கிய சண்டை. நடுவில் ஒரு தெருதான், ஆனால் இரண்டு வருடமாக ஒரு பேச்சு இல்லை.

மார்ச் 13, வெள்ளி

போகவில்லை.

மார்ச் 14, சனி

இன்றும் போகவில்லை. அவர் கடை வாசலைப் பெருக்கினார், நான் என் வாசலைப் பெருக்கினேன். தெருதான் சுத்தமானது.

மார்ச் 16, திங்கள்

போய்விட்டேன். அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு போனேன், சும்மா வந்ததாகத் தெரியக் கூடாதே. அண்ணன் உட்காரச் சொல்லவில்லை. முழுக் கதையையும் நின்றுகொண்டே சொன்னேன். உள்ளே போய் ஒரு விளக்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பிரித்தால் ஒரே ஒரு விளக்குக் கூடு, சுற்றிலும் வெற்றிடம்.

"அண்ணே, இதுவும் காத்துதான். கூட்டை ஒண்ணுக்குள்ள ஒண்ணாச் சொருகி அனுப்பச் சொல்லுங்க."

அவரே ஆறு கூடுகளைச் செருகிப் பார்த்தார். பொருந்தின. முகம் மலர்ந்தது, மறைக்கத் தெரியாத முகம். பிறகு கேட்டார்: "கப்பல் காகிதம் யார் பேர்ல?"

மறுபடியும் பெயரா? இதற்காகத்தானே...

"உங்க பேர்லயே—"

"உன் பேர்ல போடு பாப்பா. அலைஞ்சது நீதானே."

பாப்பா என்றார். எனக்கு நாற்பத்திமூன்று வயது. தெருவைக் கடக்கும்போது ஒரு சைக்கிள்காரர் திட்டினார். அதுவும் இனிமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

கப்பல் கிளம்பிவிட்டது. கைபேசியில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. வீட்டுக்காரர் ஒவ்வொரு நடை முடிந்ததும் கூப்பிடுகிறார். "என் பஸ்ஸே தேவலாம். அசையவே மாட்டேங்குது."

மே 5, செவ்வாய்

கன்டெய்னர் வந்தது. ஒரு பெட்டி மட்டும் நசுங்கியிருந்தது, உள்ளே எல்லாம் பத்திரம். எழுதிக்கொடுத்த தொகைக்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை. கால் மாட்டும் வேலைக்கு அண்ணி திருப்புளியோடு வந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை! மணிக்குப் பதினான்கு நாற்காலி, அண்ணனுக்கு ஒன்பதுதான். "விளக்கு மாட்டுற கைக்கு இது வராது," என்று அவள் சொல்ல, அவர் ஒரு காலைத் தலைகீழாக முடுக்கிவைத்துவிட்டு முழித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஜூன் 1, திங்கள்

240 நாற்காலி, 240 குழந்தைகள். பாதிப் பேர் அழுகை. ஆனால் உட்கார்ந்து அழுதார்கள்.

ஜூன் 6, சனி

மாலை கடையைப் பூட்டிவிட்டு எதிரே போனேன், அடுத்த சரக்குக்கு அளவு கேட்கலாம் என்று. அண்ணி தேநீர் ஊற்றினாள். வீட்டுக்காரரும் பணி முடிந்து நேரே அங்கேயே வந்துவிட்டார். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது, அளவு கேட்கவே இல்லை.