முப்பத்தெட்டு வரிகள்

செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள வாலுக்கு,

இன்று காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்தது. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அழுகை வரவில்லை. ஆனால் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். நான்கு நாளாக நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

சாப்பிடுகிறாயா? மருந்துக் கடை பில் கவுண்டரில் உட்கார ஆரம்பித்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னார். வேலை செய்வதைத் தப்பென்று சொல்லவில்லை. நுழைவுத்தேர்வு முடிவு வந்ததும் "அக்கா மூளை எனக்கு இல்ல மாமா, என்னை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரியும். இந்தக் கல்லூரியில் மாணவர்களின் எண்களைப் பார்ப்பவன் நான். நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆள் எடுத்தால் போதுமா, கட் ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே இருப்பவர்களை நேர்காணலுக்குக் கூப்பிடும் வழக்கத்தை நிறுத்திவிடலாமா என்று குழு என்னைக் கேட்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் வரைவு எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண் போதும், நேர்காணல் வேண்டாம் என்று. உன் அக்கா நம்மை விட்டுப் போய் அப்போது ஏழு வாரம். என்ன எழுதினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சேர்ந்தவர்களின் எண்கள்தான் என்னிடம் இருக்கின்றன. சேராதவர்கள் இங்கே வந்திருந்தால் எப்படிப் படித்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? கடைக்குள் நிற்பவர்களிடம் மட்டும் போய், கதவு திறந்திருந்ததா என்று கேட்கிற மாதிரி. கட் ஆஃபுக்குக் கீழே இருந்தும் நேர்காணல் இல்லாமல் யாராவது எந்த வருடமாவது உள்ளே வந்ததுண்டா என்று ஆவண அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் கேட்டு வைத்தேன்.

இன்று அவரே ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, இது யார் கைக்கும் போகாத ஃபைல். கேட்டீங்களேன்னு தர்றேன். பார்த்துட்டு என்னைத் திட்டக் கூடாது" என்றார். தண்ணீர் குடிக்கிறீங்களா என்றும் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று அப்போது புரியவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால் தேர்வுப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் யாரோ ஒரு எழுத்தர் மதிப்பெண் பத்தியை மட்டும் வரிசைப்படுத்தியிருக்கிறார். பெயர்ப் பத்தி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் மதிப்பெண். அப்படித் தவறுதலாக முப்பத்தெட்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். வகுப்பு தொடங்கி நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது. மானம் போய்விடும் என்று மூடி வைத்துவிட்டார்கள். அவர்களால் இடம் இழந்த முப்பத்தெட்டு பேரை யாரும் தேடவில்லை.

இருபத்து மூன்றாவது வரியில் உன் அக்கா பெயர்.

கட் ஆஃப் 626. அவள் மதிப்பெண் 612.

அப்பா பெயரைப் பார்த்தேன். பிறந்த தேதியைப் பார்த்தேன். ஃபைலை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதே 612. அவளுக்கு இது தெரியாது, வாலு. "எங்க வருஷம் பேர் மட்டும்தான் ஒட்டினாங்க, மார்க்கை யாரும் சொல்லவே இல்ல" என்பாள். இப்போது தெரிந்திருந்தால் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்திருக்கும். அதே வருடப் பட்டியலில் என் மதிப்பெண் 701. திரவ இயக்கவியலில் அவள் நோட்டை வாங்கிப் படித்து, அவளிடம் திட்டும் வாங்கித்தான் பாஸ் செய்தேன். துறையில் மூன்றாவதாக வந்தவள் அவள். அவள் வடிவமைத்த நீரேற்று நிலையத்திலிருந்துதான் இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது.

அந்த எழுத்தர் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் அவள் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டாள். என்னைப் பார்த்திருக்க மாட்டாள். இந்த ஊரில் பரவிய காய்ச்சலும் அவளுக்கு... இதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

அதனால் கணக்கைப் போட்டேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். முப்பத்தெட்டு பேரில் ஐந்து பேர் பாதியில் படிப்பை விட்டுவிட்டார்கள். கட் ஆஃபுக்குச் சற்று மேலே இருந்த முப்பத்தெட்டு பேரையும் எடுத்துப் பார்த்தேன். அங்கே ஆறு பேர் விட்டிருக்கிறார்கள். மற்றவர்களின் சராசரியில் வித்தியாசமே இல்லை. தேர்வு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 500க்கும் 700க்கும் வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது. 612க்கும் 626க்கும் இடையில்தான் அதற்குக் கண் தெரியவில்லை. நாம் கோடு கிழிப்பது சரியாக அங்கேதான். ஒரே ஆள் அடுத்த மாதம் எழுதினாலே பதினைந்து மார்க் இப்படி அப்படி ஆகும்.

குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். "அந்த முப்பத்தெட்டு வரியைத் தூக்கிடுங்க. அது டேட்டா இல்ல, விபத்து" என்றார். விபத்தாக வந்ததால்தான் சார் அதை நம்ப முடியுது, யாரும் பார்த்துப் பொறுக்கி எடுத்ததில்லையே என்றேன். "உங்க நிலைமை புரியுது. லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. உங்க வீட்டம்மா பேரும் அதுல இருக்குன்னு வெளிய தெரிஞ்சா என்ன பேசுவாங்க? போனவங்க பேரைக் கெடுக்காதீங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு நின்றவர்.

ஆனாலும் பன்னிரண்டு மணிக்கு அந்த வரிகளோடு அறிக்கையைக் குழு உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். நேர்காணலை நிறுத்தக் கூடாது என்று மாற்றி எழுதியிருக்கிறேன். பெயர்கள் எதுவும் இல்லை. அந்த முப்பத்தெட்டில் ஒருவர் என் மனைவி, என் மச்சினி இந்த வருடம் கட் ஆஃபுக்குக் கீழே இருக்கிறாள், ஆகவே என் கணக்கை வேறொருவர் சரிபார்க்கட்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். எப்படியும் ஊர் பேசும். உன் அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து சொல்கிறேன். அதுவரை நீ சொல்லாதே.

உன் அக்கா போன பத்தொன்பதாம் நாள் அந்தத் தேர்வை எழுதினாய். 619 வாங்கினாய். அவளைவிட ஏழு அதிகம். ஏழு என்பது ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். நேர்காணல் விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். குழு இன்று அதை நிறுத்திவிடவும் கூடும். இருந்தாலும் நிரப்பிக் கொண்டுவந்து கொடு. நீ நன்றாகப் படிப்பாய் என்று என் எண்கள் சொல்லவில்லை. நான் கேட்கிறேன், அவ்வளவுதான்.

நல்லா இரும்மா. வேளைக்குச் சாப்பிடு.

மூன்று மணிக்குக் குழு கூடுகிறது. அதற்குள் அறிக்கையைத் திரும்பப் பெறச் சொல்லித் தலைவர் ஆறு முறை கூப்பிட்டுவிட்டார். அவள் பேரைக் கெடுக்காதீங்க என்று இன்னும் ஒரே ஒரு தடவை யாராவது சொன்னால், சரி என்று சொல்லிவிடுவேன். அதனால் போனை அணைத்துவிட்டேன்.

உன்
மாமா