கிழக்குப் பக்கம் சரிந்த படகு

அக்கா,

இன்று காலை தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தேன். இரும்பு சூடேறியதும் அந்த மணம் எழுந்தது. முதலில் கருகிய பால், அதன் பின்னால் மெல்லச் சர்க்கரை. அடுப்புக்கும் படகின் சுவருக்கும் நடுவே விரல் நுழையாத இடுக்கு ஒன்று இருக்கிறது. போன தைப்பொங்கலுக்கு நீங்கள் பொங்கவைத்த பால் அதற்குள் இறங்கிக் காய்ந்து கிடக்கிறது. கத்தியால் சுரண்டினேன், சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். போகவில்லை. பிறகு நானும் விட்டுவிட்டேன்.

இன்று மறுபடி தைப்பொங்கல். நீங்கள் போய் மூன்று மாதம்தான். ஆண்டுத் திவசம் முடியும்வரை நம் குடும்பத்தில் பொங்கல் இல்லை. இந்தத் தையில் லண்டனில் மற்றத் தமிழ் வீடுகளிலும் பெரிதாகப் பொங்கவில்லை. வன்னியிலிருந்து வரும் போர்ச் செய்திகள் அப்படி. அல்பேர்ட்டன் கடை வாசலில் கரும்புக் கட்டுகள் வாங்க ஆளில்லாமல் சாத்தியபடி நிற்கின்றன.

போன வருடம் பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே நீங்கள் போன் எடுத்தீர்கள்.

"சின்னத்தம்பி, உன்ர தோணி எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது?"

"தோணி இல்லை அக்கா, படகு."

"மிதக்கிறதெல்லாம் தோணிதான். அடுப்படிக் கதவு கிழக்க பாக்குதோ, இல்லையோ?"

இல்லை. அப்போது அல்பேர்ட்டனில் கட்டியிருந்தேன். கதவு வடக்கே ஒரு கிடங்கின் பின்சுவரைப் பார்த்தது. சொந்தக் கட்டுமிடம் இல்லாத படகு இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளுக்கு, ஒருமுறை நகர வேண்டும் என்பது இங்கே சட்டம். அடுத்த நகர்வை உங்கள் பொங்கலுக்காகவே வைத்து, கால்வாய் வடக்குத் தெற்காக ஓடும் துண்டைத் தேடி நோர்த்தோல்ட்டில் கொண்டுபோய்க் கட்டினேன். தை மாதத்தில் இந்த நாட்டுச் சூரியன் தென்கிழக்கில்தான் எழும்பும் என்று என் படிப்பைக் காட்டினேன். "அது அவையின்ர சூரியன். எங்கட கிழக்கு கிழக்குத்தான்" என்று போனை வைத்துவிட்டீர்கள்.

அதுவரை உங்களைத் தவிர யாரும் இந்தப் படகில் கால் வைத்ததில்லை. மனைவி பிரிந்து, வீடும் போன பிறகு நாற்பத்தைந்து அடி நீளமும் ஏழடி அகலமும் கொண்ட இந்த இரும்புக்குள் வந்தேன். அதே வருடம் அண்ணர் ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கிக் குடிபுகுந்தார். அந்த விருந்துக்கு என்னை விட்டுப் போனவளை அழைத்தார். என்னை அழைக்கவில்லை. "வந்த சனத்துக்கு என்னத்தச் சொல்லுறது, தம்பி தோணியில கிடக்கிறான் எண்டோ?" என்று அவர் சொன்னது என் காதுக்கும் வந்தது. அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவரை நீங்கள் எப்படி இங்கே வரவைத்தீர்கள் என்று பிறகுதான் அறிந்தேன். வீட்டில் பொங்கமாட்டேன், என் பொங்கல் வேண்டுமென்றால் தோணிக்கு வா என்று சொன்னீர்களாம். அண்ணரின் மனைவி, மச்சாள், குதி உயர்ந்த செருப்போடு சேற்றுப் பாதையில் வந்தார். அண்ணர் கோட்டின் பொத்தானைக் கழற்றாமல் வந்தார். உங்கள் மகள் கரும்பைத் தூக்கிவந்தாள். நீங்கள் கரையில் அரிசிமாவால் கோலம் போட்டு நிமிர்வதற்குள் நாலு வாத்துகள் வந்து அரைவாசியைத் தின்றுவிட்டன. "பசிச்சதுகள், தின்னட்டும்" என்று நீங்கள் உள்ளே இறங்கினீர்கள்.

பானையை வைத்துப் பாலை ஊற்றியபோதுதான் என் பிழை தெரிந்தது. குளிர்காலத்துக்கு வாங்கிய கரி மூட்டைகளை மேற்குப் பக்கக் கூரையில் அடுக்கியிருந்தேன். படகு கொஞ்சம் மேற்கே சாய்ந்திருந்தது. தனியே வாழ்பவனுக்கு அது பழகிவிடும். பாலுக்குப் பழகாது. பானையின் மேற்கு விளிம்பில் பால் ஒரு விரல் உயர்ந்து நின்றது.

"மேற்கால வழிஞ்சா வீட்டுக்கு ஆகாது" என்று மச்சாள் மெதுவாகச் சொன்னார்.

"இதை வீடெண்டு ஆர் சொன்னது?" என்றார் அண்ணர்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நீங்கள் விடவில்லை.

"மூட்டை இறக்க நேரமில்லை, பால் நுரைக்குது. எல்லாரும் கதவுப் பக்கம் வாங்கோ. பெரியதம்பி, நீயும் வா. நீதான் இஞ்ச பாரம் கூட."

"அவனுக்குப் பக்கத்திலையோ?"

"ஓம், அவனுக்குப் பக்கத்திலதான். கோவத்தை அங்கால வைச்சிட்டு உடம்பை மட்டும் கொண்டு வா."

அவர் வந்தார். அடுப்பின் இரு புறமும் கிழக்குச் சுவரோடு ஒட்டி நின்றோம். படகு முனகிக்கொண்டு சரிந்தது. "ஐயோ, தாழுது, தாழுது!" என்று மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் மகள், "அம்மா, இது சீட்டிங்!" என்று சிரித்தாள். "சீட்டிங் இல்லையடி, உதவி. சூரியனுக்கு ஒரு கை குடுக்கிறம்" என்றீர்கள். அண்ணரின் தோள் என் தோளில் அழுந்தியது. அவருக்கு மூச்சு இழுப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பால் எழுந்து, ஒரு கணம் யோசித்து, கிழக்கே வழிந்தது. நீங்கள் கைதட்டினீர்கள், அக்கா, பரிசு விழுந்தவர் மாதிரி.

போகும்போது என் காதருகே சொன்னீர்கள்: "மூண்டு நிமிசம் சண்டை பிடிக்காமல் நிண்டனீங்கள். வாற வருசம் அஞ்சாக்குவம்."

ஐப்பசியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அண்ணர் எனக்கு மூன்றாம் நாள்தான் சொல்லியனுப்பினார். "தோணியில போன் வேலை செய்யாது எண்டு நினைச்சன்" என்றார். நான் வந்தபோது உங்களுக்குப் பேச்சில்லை. அந்த இரண்டு நாளை அவர் எனக்கு எப்படித் திருப்பித் தருவார்?

ஆனாலும் போன கிழமை படகை இங்கே, நோர்த்தோல்ட்டுக்கு, கொண்டுவந்து கட்டினேன். பொங்கல் இல்லாத வருடத்தில் எதற்கு என்று கேட்காதீர்கள். இன்று காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணர். தனியாக, கையில் ஒன்றுமில்லாமல்.

"பொங்கக்கூடாது எண்டு தெரியும்" என்றார். "தேத்தண்ணி குடிக்கலாம்தானே?"

பால் வைத்தேன். மணம் எழுந்தது. அவர் மூக்கை உறிஞ்சினார், என்னவென்று கேட்கவில்லை. கோட்டைக் கழற்றி மேற்குப் பக்க வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே வந்து கிழக்குச் சுவரோடு நின்றார். காலடியில் படகு மெல்லச் சரிந்தது.

நான் அவரை மன்னிக்கவில்லை, அக்கா. உங்களுக்காகக்கூட இன்னும் ஏலவில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் போய் நின்று படகை நிமிர்த்தவும் இல்லை.