அத்தாவோட தலையணை

அம்மா, நீ கல்யாணத்துக்குப் போனப்புறம் பெட்டியைப் பிரிச்சா உள்ள அத்தாவோட தலையணை, கம்பளி, இஸ்திரிப்பெட்டி! அதை நியாஸ் மாமா லீவுல வர்றப்ப துபாய்லேர்ந்து கொண்டாந்தாரு. வேலை போனவங்கதானே சொந்த சாமானை முன்னாடி அனுப்புவாங்க? ஒரே அழுகை.

ராத்திரி பத்து மணிக்கு அத்தாவே போன் பண்ணாரு, அழுதுகிட்டேதான் எடுத்தேன். கம்பெனியில ஆளைக் குறைக்கிறாங்கன்னு பயந்துபோய் அனுப்பிட்டாராம். இன்னிக்குத்தான் வேலை போறவங்க லிஸ்ட் வந்துச்சாம், அவர் பேர் இல்லியாம். அல்ஹம்துலில்லாஹ்! அப்புறம்தான் சோறே எறங்குச்சு.

கல்யாண வீட்டுல சாப்பிடலைன்னா சோத்தோட மீன் ஆணம் மூடி வச்சிருக்கேன். நான் இந்தச் சீட்டை வச்சுட்டு, பக்கத்து வீட்டு ஹசீனா மாமிகிட்ட படுத்துக்கறேன். ஏன் முன்னாடியே சொல்லலைன்னு அத்தாகிட்ட சண்டை போடாதம்மா.

இன்னொண்ணு. போனை வைக்கறப்ப, "ஏம்மா தமன்னா, பெத்த அத்தா நான் வீட்டுக்கு வந்துடுவேன்னா அப்படி அழுத?"ன்னு கேட்டாரு. நாளைக்கும் பண்றேன்னாரு. என்னம்மா சொல்லட்டும்?